பார்த்து வரைதல்

வெந்நீரில் குளித்து முடித்ததும் குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை அசைக்காமல், அதில் தெரியும் உங்கள் முகத்தின் ஓரத்தை விரலால் சுற்றி வரைந்து பாருங்கள். பிறகு அந்தக் கோட்டை அளந்து பாருங்கள். முகத்தில் சரிபாதிதான் இருக்கும். கிட்ட நின்றாலும் பாதி, எட்ட நின்றாலும் பாதி. நாம் கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு தூரத்தில் நிற்கிறோமோ அவ்வளவு தூரம் பின்னால் பிம்பம் நிற்கிறது. கண்ணாடி நடுவழியில் இருக்கிறது. கணக்கு அவ்வளவுதான். கலை வரலாற்றாசிரியர் கோம்பிரிக், ஓவியமும் பார்வையும் பற்றி 1960இல் எழுதிய தன் புகழ்பெற்ற நூலில் இதைச் செய்துபார்க்கச் சொல்கிறார். தினமும் பார்க்கும் கண்ணாடி, பிறந்ததிலிருந்து கூட இருக்கும் முகம். ஆனாலும் அது பாதியாகத் தெரிகிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. முகம் எவ்வளவு பெரிது என்று நமக்குத் தெரியும். அந்தத் தெரிதல் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றுகொள்கிறது.

நடுத்தர வயதில் பென்சிலைக் கையில் எடுத்தவன் நான். வரையக் கற்பது கையின் பயிற்சி என்று நினைத்துத்தான் தொடங்கினேன். கைக்கு அதில் பங்கு குறைவு. 'எனக்குக் கை வராது' என்று ஒதுங்குகிறவர்கள் அனைவரிடமும் நான் சொல்வது இதுதான்: ஞ, ழ, இ மூன்றையும் எழுதத் தெரிந்த கைக்கு வரைய முடியாத வளைவு எதுவும் இந்த உலகத்தில் இல்லை. விடிகாலையில் வாசலில் குனிந்து சிக்குக் கோலம் போடும் பெண்ணின் விரலில் இருக்கும் கட்டுப்பாட்டில் பாதி இருந்தால்கூடப் போதும். குறை வேறு இடத்தில் இருக்கிறது.

நம் பள்ளிக்கூடங்களில் இயற்கைக் காட்சி வரையச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே படத்தைத்தான் போடும். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் குடிசை, சாய்ந்த தென்னை, டிக் போட்டதுபோல நாலு பறவை. கண்ணுக்கெட்டிய தூரம் வயல் மட்டுமே இருக்கும் தஞ்சைக் கிராமத்துப் பிள்ளையும் அந்த இரண்டு மலையைப் போடும். வெளியே ஒரு கருவேலம், ஒரு பம்புசெட் கொட்டகை, கம்பியில் கரிச்சான் குருவி, எல்லாம் இருக்கும். யாரும் ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டார்கள். 'இயற்கைக் காட்சி' ஏற்கெனவே தெரிந்த ஒன்று. எதற்குத் திரும்ப வேண்டும்?

வளர்ந்த பிறகு அந்த மலைகள் போய்விடுவதில்லை, முகத்துக்குள் வந்துவிடுகின்றன. புதிதாக முகம் வரைகிற யாரும் கண்களை மேலே தூக்கி வைத்துவிடுவார்கள். உச்சந்தலையிலிருந்து தாடை வரை அளந்தால் கண்கள் ஏறக்குறைய சரிபாதியில் இருக்கின்றன. ஆனால் முகம் என்றால் நமக்குக் கண், மூக்கு, வாய். நம்மிடம் பேசுவது அவைதாம். புருவத்துக்கு மேலே இருக்கும் அத்தனை பெரிய பகுதி எதுவும் சொல்வதில்லை. அதனால் மனம் அதைச் சுருக்கிவிடுகிறது. எது நமக்கு வேண்டுமோ அது பெரிதாகிறது. ஓவியத்துக்கு மட்டும்தான் இப்படி என்று நான் நம்பவில்லை.

இதிலிருந்து வெளியேற ஓவியர்கள் கண்டுபிடித்த வழிகள் எல்லாமே மனதை ஏமாற்றும் வழிகள். எனக்கு அதிகம் உதவியது நாற்காலி. ஒரு மர நாற்காலியை எடுத்து எதிரில் போட்டுக்கொண்டு, நாற்காலியை வரையாமல், கால்களுக்கு நடுவிலும் முதுகுச் சட்டங்களுக்கு நடுவிலும் இருக்கும் வெற்றிடங்களை மட்டும் வரைவது. நாற்காலிக்கு நாலு கால், நாலும் ஒரே உயரம், உட்காரும் பலகை சதுரம் என்று மனதுக்குத் தெரியும். அதனால் பின்காலையும் முன்காலையும் ஒரே நீளத்தில் இழுத்துவிடும். ஆனால் அந்தக் கோணல்மாணலான இடைவெளிகளைப் பற்றி மனதுக்கு முன்கருத்து எதுவும் கிடையாது. அங்கே போய் நின்றால் வேறு வழியில்லாமல் பார்த்தாக வேண்டும். எல்லா இடைவெளிகளையும் போட்டு முடிக்கும்போது, வரையாத நாற்காலி தாளில் அழுத்தமாக நிற்கிறது. அந்த மகிழ்ச்சியை நான் வேறெதற்கும் ஈடு சொல்ல மாட்டேன்.

பென்சிலை முழுக்கை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் அளப்பது இன்னொரு வழி. கையருகில் இருக்கும் சொம்பு, தெருக்கோடி மின்கம்பத்தைவிட உயரமாக இருப்பதை அது கூசாமல் சொல்லும். கட்டம் போடுவதும் உண்டு. நம்மூர் பேனர் ஓவியர்கள் போட்டோமேல் கட்டம் போட்டுத்தான் நாற்பதடி முகங்களை எழுப்பினார்கள். 1880இல், 27 வயதில், ஓவியனாவது என்று முடிவெடுத்த வான்கா, பிறகு ஒரு சட்டம் செய்வித்து, அதில் நூல் கட்டி, அதன் வழியே கடலையும் வயலையும் பார்த்து வரைந்தார். கட்டம் போடுவது குறுக்குவழி என்று ஏளனம் செய்கிறவர்களுக்கு நான் அவரைக் காட்டுவேன்.

ஆனால் 'தெரிந்ததை விடு, தெரிவதை வரை' என்ற இந்தப் போதனையை அப்படியே விழுங்கவும் என்னால் முடியவில்லை. சுவாமிமலையில் ஸ்தபதிகள் தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று குறித்துக்கொண்டு மெழுகில் உரு பிடிக்கிறார்கள். முகத்தின் நீளம் ஒரு தாளம். அது 12 அங்குலமாகப் பிரியும். எதிரில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. முழுக்க முழுக்கத் தெரிந்ததிலிருந்தே அந்த நடராஜர் எழுந்து நிற்கிறார். அப்படியானால் தெரிந்தது எப்படிக் குறையாகும்? பல நாள் யோசித்தேன். ஸ்தபதியின் அறிவு வருடக்கணக்கில் குருவின் பக்கத்தில் இருந்து பெற்றது. என் மனதில் கிடக்கும் நாற்காலியும் முகமும் போகிற போக்கில் ஒட்டிக்கொண்டவை. இரண்டையும் ஒன்றாகப் பேசக் கூடாது.

நாமக்கல்லில் 1919இல் பிறந்த ஓவியர் சில்பி இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவில் உட்கார்ந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த அவர், ஆனந்த விகடனின் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிலைகளின் முன் அமர்ந்து வரைந்தார். அளவுநூலில் பிறந்த கல், அவர் தாளில் நிழல் விழுந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு, அந்த இடத்தில் நிற்கும் ஒன்றாக இருக்கிறது. தூணில் இருப்பவர் வீரபத்திரர் என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் பார்த்தார்.

தெரிந்தும் பார்ப்பது வீட்டில் இருப்பவர்களிடம்தான் மிகவும் கடினம். போன மாதம் என் அக்காவை எதிரில் உட்காரவைத்து வரைந்தேன். என் மனதில் இருந்த அக்கா முகம், அவள் கல்யாண ஆல்பத்துக்கும் சற்றுப் பின்னால் எங்கோ நின்றுபோயிருந்தது. இடது இமை வலதைவிடத் தாழ்ந்திருப்பதும், உதட்டோரம் கீழே இறங்கியிருப்பதும் அன்றுதான் கண்ணில் பட்டன. வாரம் தவறாமல் பேசுகிற அக்கா. வரைந்ததைக் காட்டினேன்.

"ஏன்டா, எனக்கு இவ்வளவு வயசாயிடுச்சா?"

"இருக்கிறதைத்தான்க்கா போட்டேன்."

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். கோடுகளைக் குறைத்துத் தரட்டுமா என்று நான் கேட்கவில்லை. அழகாக்கிக் கொடுத்திருந்தால் அது பழைய அக்காவுக்குச் செய்த மரியாதையாக இருந்திருக்கும். எதிரில் இருந்தவளுக்கு அல்ல. "அம்மா மாதிரி வந்திருக்கேன்" என்றாள். அடுத்த தடவை பக்கவாட்டில் உட்காருகிறேன் என்று அவளே சொன்னாள். பக்கவாட்டு முகத்தில் காதை எல்லோரும் முன்னால் தள்ளி வைத்துவிடுவார்கள். கண்ணிலிருந்து தாடை வரை எவ்வளவோ, கண்ணின் கடைக்கோடியிலிருந்து காதின் பின்விளிம்பு வரை ஏறக்குறைய அவ்வளவு. அவளுக்கும் அப்படித்தானா என்று அளந்து பார்க்க வேண்டும்.