நீத்தார் கடனும் வட இங்கிலாந்தின் பங்குப் பதிவேடுகளும்

இறந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர்கள் இனியும் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா என்பது, எல்லாச் சமயங்களும் ஏதோ ஒரு வகையில் விடை சொல்லியாக வேண்டிய கேள்வி. உண்டு என்று சொல்லும் சமயம் இறந்தவரின் பெயரைப் பத்திரப்படுத்தி வைக்கும். இல்லை என்று சொல்லும் சமயம் பெயரை எழுதிவைப்பதற்கு வேறு காரணம் தேடிக்கொள்ள வேண்டியிருக்கும். யார்க்‌ஷயர், லங்காஷயர், டர்ஹம் முதலிய வட இங்கிலாந்து மாவட்டங்களில் தம் குடும்பத்தின் வேரைத் தேடுவோர் புரட்டுகின்ற பழைய ஏடுகள், இந்த இரண்டு விடைகளுக்கும் இடையே பதினாறாம் நூற்றாண்டில் நேர்ந்த பெரும் முறிவிலிருந்து பிறந்தவை. ஓர் ஏடு எதற்காக எழுதப்பட்டதோ அந்த நோக்கமே, அதில் எவர் இடம்பெறுவார், எந்த உறவுச் சொல்லோடு இடம்பெறுவார் என்பதையும் முடிவு செய்துவிடுவதால், அந்தக் கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு ஏட்டை மட்டும் படிப்பது இயலாத காரியம்.

முறிவுக்கு முந்தைய உலகத்தின் சிறந்த சான்று, டர்ஹம் பேராலயத்தில் இருந்த ‘வாழ்வின் நூல்’ என்ற கையெழுத்துச் சுவடி. ஒன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நார்த்தம்பிரியத் துறவியர் தொடங்கிய இந்நூலின் பழைய பகுதியில் அரசர், அரசியர், மடத்தலைவர், தனித்துறவியர் என வரிசைப்படுத்தப்பட்ட சுமார் 3,000 பெயர்கள், ஒன்று பொன் மையிலும் அடுத்தது வெள்ளி மையிலுமாக மாறி மாறி எழுதப்பட்டுள்ளன. பிறந்த ஊரோ இறந்த நாளோ தந்தை பெயரோ அதில் இல்லை. விவிலியத்தின் இறுதி நூலான வெளிப்படுத்தின விசேஷம் குறிப்பிடுகிற, மீட்கப்பட்டோரின் பெயர்கள் எழுதப்பட்ட ஜீவபுஸ்தகத்தின் மண்ணுலகப் படியாக அது கருதப்பட்டது. பலிபீடத்தின் மீது அந்நூல் கிடக்கும்போது நடக்கும் ஒவ்வொரு பூசையிலும், அதிலுள்ள பெயர்களை எவரும் வாய்விட்டுப் படிக்காவிட்டாலும், அவர்கள் அனைவரும் பங்குபெறுவதாக நம்பப்பட்டது. பின்வந்த நூற்றாண்டுகளில் அரசரல்லாத எளிய குடும்பத்தினரின் பெயர்களும் ஓரங்களிலும் வெற்றிடங்களிலும் நெருக்கியடித்துச் சேர்க்கப்பட்டன. அடையாளம் காட்டும் விவரம் எதுவும் இல்லாததால் வம்சம் தேடுபவருக்கு இச்சுவடி ஏறக்குறையப் பயனற்றது. யார் எவர் என்பது கடவுளுக்குத் தெரியும் என்ற உறுதி இருந்தவர்கள் தகப்பன் பெயரைக் குறித்துவைக்க வேண்டிய தேவையில்லை.

அந்த உறுதிக்குப் பின்னால் இருந்தது உத்தரிக்கிற ஸ்தலம் பற்றிய கோட்பாடு. முழுத் தூய்மையும் இன்றி, முழுக் கேடும் இன்றி இறந்தவர்கள் தம் பாவக்கறை தீரும் வரை அங்கே வேதனைப்படுகிறார்கள் என்றும், உயிரோடிருப்போரின் செபமும் பூசையும் அந்த வேதனையைக் குறைக்கும் என்றும் திருச்சபை போதித்தது. வசதியுள்ளோர் தம் ஆன்ம இளைப்பாற்றிக்காக நாள்தோறும் பூசை வைக்க ஒரு குருவுக்கு நிலமும் வருமானமும் எழுதிவைத்தார்கள். எட்டாம் ஹென்றியின் ஆட்சி இந்த அமைப்பின் மீது கைவைத்தபோது, வடக்கு மாவட்டங்கள்தாம் மிகக் கடுமையாக எதிர்த்தன. 1536ல் யார்க்‌ஷயரில் ராபர்ட் ஆஸ்க் தலைமையில் திரண்ட ‘அருள் யாத்திரை’ என்னும் எழுச்சிக்குப் பல காரணங்கள் இருந்தாலும், இனி ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் அரசர் வரி விதிக்கப்போகிறார் என்ற வதந்தியும் அக்காலத்தில் ஊரூராகப் பரவியிருந்தது. ஆஸ்க் 1537ல் யார்க் நகரில் தூக்கிலிடப்பட்டார். மறு ஆண்டே, அரசரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், பங்கு ஒவ்வொன்றும் (பங்கு என்பது ஓர் ஆலயத்தின் பொறுப்பிலுள்ள ஊர்ப்பகுதி) இம்மூன்று சடங்குகளையும் ஒரு பதிவேட்டில் எழுதிவர வேண்டும் என்று ஆணையிட்டார். வரி வரவில்லை, ஏடு வந்தது. ஆனால் வதந்தியை நம்பியவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிடவும் முடியாது, ஏனெனில் 1783ல் பதிவு ஒன்றுக்கு மூன்று பென்னி வீதம் முத்திரை வரி விதிக்கப்பட்டு, 1794 வரை நீடிக்கவே செய்தது.

குரோம்வெல்லின் ஆணைப்படி, இரண்டு பூட்டுள்ள பெட்டியில் ஏட்டை வைத்து, ஒரு சாவியைக் குருவும் மற்றொன்றை ஆலயக் கண்காணிப்பாளரும் வைத்திருக்க வேண்டும். ஞாயிறுதோறும் அந்த வாரத்து நிகழ்ச்சிகளை எழுத வேண்டும். தவறினால் மூன்று ஷில்லிங் நான்கு பென்னி தண்டம். இதில் இறந்தவருக்கான செபத்தின் சாயல் சிறிதும் இல்லை. 1547ல் பூசை அறக்கட்டளைகள் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. 1552ஆம் ஆண்டின் செபநூல் இறந்தவருக்கான மன்றாட்டையே அடக்கச் சடங்கிலிருந்து நீக்கிவிட்டது. ஆக, இறந்தவருக்கு எதுவும் செய்ய இயலாது என்று சபை தீர்மானித்த அதே தலைமுறையில்தான் அவருடைய பெயர் ஒழுங்காக எழுதப்படத் தொடங்கியது. யாருடைய வயது என்ன, எவர் முறையான மணத்தில் பிறந்தவர், சொத்து எவருக்குச் சேரும், பிற்காலத்தில் எந்த ஏழைக்கு எந்தப் பங்கு சோறு போட வேண்டும் என்பன போன்ற உயிரோடிருப்போரின் வழக்குகளுக்கு அந்த ஏடு சாட்சியாயிற்று.

அந்தச் சாட்சி எதைச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பதிவேடு பிறப்பைச் சொல்வதில்லை, ஞானஸ்நானத்தைச் சொல்கிறது; மரணத்தைச் சொல்வதில்லை, அடக்கத்தைச் சொல்கிறது. ‘இன்னாரின் மகன்’ என்று எழுதும்போது அது உடற்கூற்று உண்மையை அறிவிப்பதன்று. தாயின் கணவர் எவரோ அவரையே தந்தையாக ஏற்கும் சட்டத்தின், சமூகத்தின் கூற்றை அது திருப்பிச் சொல்கிறது. இதனால், முன்னோரைத் தேடுபவர் ‘என் இரத்தம்’ என்று பேசிக்கொண்டாலும், அவர் கைக்கு அகப்படுவது இரத்தத்தின் தொடர்ச்சியன்று, தலைமுறைக்கு ஒருமுறை ஒரு சபையின் முன் சொல்லப்பட்ட வாக்குமூலங்களின் தொடர்ச்சியே. இதைக் குறைபாடாகக் கருத வேண்டியதில்லை. பிள்ளை என்று ஏற்று, பெயரிட்டு, வளர்த்ததுதான் உறவு என்று கொள்பவருக்குப் பதிவேடு மரபணுச் சோதனையைவிட நேர்மையான சான்றாகக்கூடத் தோன்றலாம்.

பின்வருவோருக்காகவே எழுதவேண்டும் என்று நினைத்த குருவானவரும் ஒருவர் இருந்தார். யார்க் நகரில் பணியாற்றிய வில்லியம் டேட், 1770களில், குழந்தை பெற்றோருக்கு எத்தனையாவது பிள்ளை, தந்தையின் தொழில் என்ன, இருபுறத்துத் தாத்தாக்கள் எவர், இறந்தவர் எந்த நோயால் இறந்தார் என்பனவற்றையெல்லாம் கட்டம்கட்டி எழுதும் முறையை வகுத்தார். எதிர்கால ஆய்வாளருக்கு அது உதவும் என்பதே அவர் சொன்ன காரணம். பேராயர் மார்க்கம் 1777ல் அதை யார்க் மறைமாவட்டம் முழுவதற்கும் பரிந்துரைத்தார். மக்கள் நெருங்கிய பெரிய பங்குகளின் குருமார்கள் இந்த வேலைச்சுமையைச் சலிப்போடு பார்த்தார்கள். பலர் கடைப்பிடிக்கவே இல்லை. 1813ல் நாடு முழுவதும் ஒரே மாதிரியான அச்சுப் படிவம் வந்தபோது தாத்தாக்களும் தாயின் பிறந்த வீடும் ஏட்டிலிருந்து மறைந்தனர்.

குவேக்கர்கள் என்னும் நண்பர் சபையினர் வேறொரு விடை வைத்திருந்தனர். 1652ல் ஜார்ஜ் ஃபாக்ஸ் லங்காஷயரின் பெண்டில் குன்றில் ஏறிய பின் வடமேற்கில் வேரூன்றிய இச்சபை ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. ஆகவே அவர்களுடைய ஏடு பிறப்பையே குறிக்கும். மாதங்களின் பெயர்கள் புறச்சமயத் தெய்வங்களை நினைவூட்டியதால் எண்ணால் சுட்டினார்கள். மனிதரிடையே உயர்வுதாழ்வு காட்டும் என்பதால் 1850 வரை கல்லறைக்கல்லைப் பொதுவாக ஏற்கவில்லை, ஆனால் பதிவைத் தவறவிடவில்லை. கல் தகுதியை அறிவிக்கிறது, ஏடு இருப்பை மட்டும் சொல்கிறது என்ற வேறுபாட்டை அவர்கள் அளவுக்கு நுட்பமாக உணர்ந்த வேறு சபை வடக்கில் இருந்ததில்லை.

1837 ஜூலை முதல் தேதியன்று இங்கிலாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதியத் தொடங்கியது. அதே மாதம் 30ஆம் தேதி, அமெரிக்காவிலிருந்து வந்த ஹீபர் கிம்பல் முதலிய மார்மன் போதகர்கள், லங்காஷயரின் பிரஸ்டன் நகரில் ரிப்பிள் ஆற்றில் தம் முதல் ஆங்கிலேய விசுவாசிகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். தற்செயலான இந்த உடனிகழ்ச்சிக்குப் பின்னாளில் ஒரு பொருள் வந்து சேர்ந்தது. மார்மன் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1840ல், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஒரு வரியை ஆதாரமாகக் கொண்டு, நற்செய்தியை அறியாமல் இறந்தவருக்காக உயிரோடிருக்கும் ஒருவர் பதிலாளாக நின்று ஞானஸ்நானம் பெறலாம் என்று அறிவித்தார். சடங்குக்கு இறந்தவரின் பெயர் வேண்டும். பெயர் வேண்டுமானால் பதிவேடு வேண்டும். ஆலைத் தெருக்களை விட்டு யூட்டா பாலைவனத்துக்குக் குடிபெயர்ந்த லங்காஷயர் நெசவாளருக்கு, பின்னே விட்டுவந்த இறந்தோர் அனைவரும் இவ்வாறு தீர்க்கப்படாத கடனாயினர். 1894ல் அச்சபை ஒரு வம்சாவளிக் கழகத்தை அமைத்தது. 1938 முதல் உலகின் பல பகுதிகளிலும் ஏடுகளை நுண்படலத்தில் படமெடுத்தது. இன்று நம்பிக்கை எதுவும் இல்லாத ஒருவர் வீட்டில் அமர்ந்தபடி யார்க்‌ஷயர் ஏட்டின் பக்கத்தைத் திரையில் காண முடிவதற்குப் பெரும் காரணம், இறந்தவருக்கு இனியும் செய்ய முடியும் என்று உறுதியாக நம்பிய ஒரு சபையே.

அந்த நம்பிக்கையை எளிதாகப் பாராட்டிவிடவும் முடியாது. இறந்தவரின் ஆன்மா அச்சடங்கை ஏற்கவோ மறுக்கவோ உரிமையுடையது என்று சபை விளக்கினாலும், நாத்சிகளால் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களும் அவ்வாறு சேர்க்கப்பட்டதை யூத அமைப்புகள் எதிர்த்தபோது, 1995ல் அவற்றை நீக்கச் சபை உடன்பட வேண்டியிருந்தது. வத்திக்கான் 2008ல், கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளை இந்நோக்கத்துக்குக் கொடுக்கக்கூடாது என்று மறைமாவட்டங்களுக்கு அறிவுறுத்தியது. எதிர்ப்பின் சாரம் நியாயமானது: தான் யாராக வாழ்ந்தார் என்பதைச் சொல்ல வாயில்லாத ஒருவர்மேல் வேறோர் அடையாளம் ஏற்றப்படுகிறது. ஆனால் சமயச் சார்பற்ற வம்சத் தேடலும் இதே குற்றச்சாட்டுக்கு உள்ளாகக்கூடியதே. இறந்த நெசவாளி ஒருவரைத் ‘தன் முப்பாட்டன்’ என்ற ஒற்றைத் தகுதிக்காகவே தேடிப்பிடிப்பவரும், அவர் கேளாத ஓர் அடையாளத்தை அவர்மேல் ஏற்றுகிறார். பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு முன்னோர் இடங்கள் 1,024 உள்ளன. அவற்றில் தன் குடும்பப் பெயரைத் தாங்கிய ஒன்றை மட்டும் ‘வேர்’ என்று கொண்டாடுவதற்கு உயிரியலும் துணை நிற்காது, இறையியலும் துணை நிற்காது.

இத்தேடலைத் தன்னலத்திலிருந்து ஓரளவு மீட்பது அதன் முறைமையே. ஹாலிஃபாக்ஸ் பெரும்பங்கைச் சேர்ந்த ஹெப்டன்ஸ்டால் போன்ற மலையூரில் கிரீன்வுட், சட்கிளிஃப் என்ற குடும்பப் பெயர்கள் மலிந்து கிடக்கின்றன. ஆண்களுக்கோ ஜான், வில்லியம், தாமஸ் என்ற சில பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. ஆகவே சில ஆண்டு இடைவெளிக்குள் ஞானஸ்நானம் பெற்ற ஜான் கிரீன்வுட்கள் பலர் இருக்கும்போது, தேடுபவர் தமக்குப் பிடித்தவரைத் தேர்ந்துகொள்ளலாகாது. ஒவ்வொருவரையும் திருமணம் வரையோ அடக்கம் வரையோ பின்தொடர்ந்து, எட்டு மாதத்தில் புதைக்கப்பட்ட ஜானையும் வேறூரில் மணம்செய்த ஜானையும் நீக்கிய பிறகே எஞ்சியவரை முன்னோர் என்று சொல்லத் துணியலாம். ஆண்டுக்கணக்கிலும் எச்சரிக்கை வேண்டும்: 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25ல் பிறந்ததால், 1699 ஏப்ரலில் மணம், 1699 பிப்ரவரியில் ஞானஸ்நானம் என்று காணும் பதிவு, அவசரக்காரருக்கு ஒரு பழங்கால அவதூறாகத் தெரியும், உண்மையில் குழந்தை மணத்துக்குப் பத்து மாதம் கழித்தே திருமுழுக்குப் பெற்றிருக்கிறது. இவ்வாறு, தன் மூதாதையர் அல்லாத பலருடைய வாழ்வைப் பொறுமையோடு படித்த பின்பே ஒருவர் தன் மூதாதையரை அடைகிறார்.

அப்படிப் படிக்கும்போது அடிக்கடி எதிர்ப்படும் ஒரு வரிசை உண்டு. ஒரு பெண்ணின் அடக்கம். அவளோடோ சில நாள் கழித்தோ அவள் குழந்தையின் அடக்கம். ஓராண்டுக்குள் அவள் கணவரின் மறுமணம். பின்னர் இரண்டாம் மனைவியின் பிள்ளைகள். தேடுபவர் அப்பிள்ளைகளுள் ஒருவரின் வழித்தோன்றல் என்றால், முதல் மனைவி பிரசவத்தில் இறந்திராவிட்டால் அவர் இல்லை. ஒருவர் பிறப்பதற்குக் காரணமாயிருந்த சூழ்நிலை சிறிது மாறியிருந்தாலும் பிறந்திருப்பவர் வேறொருவராகவே இருந்திருப்பார் என்பதிலிருந்து எழும் அறவியல் சிக்கல்களை, டெரெக் பார்ஃபிட் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் 1984ல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். அவர் பெரும்பாலும் இனிப் பிறக்கப்போகும் தலைமுறைகளைப் பற்றியே கவலைப்பட்டார். பதிவேடு அதே முடிச்சை இறந்தகாலத்தை நோக்கித் திருப்பிப் போடுகிறது. அந்தப் பெண் இறந்திருக்கக்கூடாது என்று முழுமனதோடு விரும்புவது தான் இல்லாமற்போவதை விரும்புவதாகும். அவள் இறந்தது நல்லதாயிற்று என்று எண்ணுவதோ சகிக்க முடியாதது.

இந்த முடிச்சு அவிழும் என்று தோன்றவில்லை. ஒரு நிகழ்ச்சியால் பயன்பெற்றிருப்பது வேறு, அந்நிகழ்ச்சியை ஏற்பது வேறு என்று பிரித்துச் சொல்லலாம், அந்தப் பிரிவு சரியானதும்கூட. எனினும் அது குற்றவுணர்வைத் தணிக்குமேயன்றி, அவளுக்கு என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்வதில்லை. சீர்திருத்தச் சபையின் கண்ணில் அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. டர்ஹம் துறவியர் தம் நூலில் அவள் பெயரைச் சேர்த்திருக்கக்கூடும். பல ஊர்களின் ஏடுகளை வம்சம் பாராமல் முழுமையாகப் படியெடுத்த மார்மன் அட்டவணையில் அவளுடைய ஞானஸ்நானமும் திருமணமும் இடம்பெற்றிருக்கவும் கூடும். இரண்டாம் மனைவியின் வழியில் வந்த அந்தத் தோன்றல் வரையும் வம்ச வரைபடத்தில் மட்டும், வழிவழியாக வந்தவர்களை மட்டுமே அது ஏற்பதால், அவளுக்கான கட்டம் பெரும்பாலும் வரையப்படுவதே இல்லை.