வாசலில் நிற்கும் காவல்

பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் போகும் சாலையில் இருக்கிறது பம்மல். அங்கே என் நண்பர் ஒருவர் வீடு கட்டிக்கொண்டு குடியிருக்கிறார். மீனம்பாக்கத்து விமானம் தலைக்கு மேலே தாழப் பறக்கும்போது பேச்சை நிறுத்துவதும், அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வதும் அந்த வீட்டுப் பழக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தபோது, நண்பரின் மகன் என்னிடம் ஒரு யோசனை கேட்டார். அவருடைய பையனுக்குப் பன்னிரண்டு வயது. 2020-இல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த காலத்தில் பாடத்துக்காகக் கொடுத்த செல்போன், பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அவன் கையைவிட்டு இறங்கவில்லை.

"ராத்திரி அவன் தூங்கினதும் போனை எடுத்து எல்லாத்தையும் ஒரு தடவை பார்த்துடறேன் சார். அவனுக்குத் தெரியாது. இது தப்பா?"

"இதில் என்ன தப்பு? பயிருக்கு வேலி வேண்டாமா?" என்றேன். ஊருக்கு உபதேசம் சொல்கிறவனுக்குப் பழமொழியா பஞ்சம்? அவர் முகம் தெளிந்தது. எனக்கும் நல்ல வார்த்தை சொன்ன திருப்தி.

நாலைந்து மாதம் கழித்து நண்பர் வந்து சொன்ன செய்தி அந்தத் திருப்தியைக் கலைத்துவிட்டது.

பையன் செல்போனில் விளையாடுவது, முகம் தெரியாத பலரோடு சேர்ந்து ஆடும் ஆட்டம். ஆடிக்கொண்டே பேசிக்கொள்ளலாம். அப்படி ஒருவன் இவனுக்குச் சிநேகிதனானான். தனக்கும் பன்னிரண்டு வயது என்றான். முதலில் ஆட்டத்தில் சில உதவிகள் செய்தான். பிறகு ஒரு படம் கேட்டான். இவன் அனுப்பினான். பிறகு அவன் கேட்டது, அனுப்பக் கூடாத படம். இவன் மறுத்ததும், "உன் பள்ளிக்கூடத்துக்கே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்" என்று மிரட்ட ஆரம்பித்தான்.

மூன்று வாரம் பையன் சரியாகச் சாப்பிடவில்லை. பரீட்சைக் கவலை என்று வீட்டில் நினைத்தார்கள். தகப்பனாரோ ஓர் இரவு தவறாமல் போனைப் பார்த்துவந்தார். அதில் ஒன்றுமே இல்லை. இருக்காது. அப்பா பார்க்கிறார் என்பது பையனுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. படுக்கப் போகுமுன் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் படுத்தான். அவர் வைத்த காவல் அவனுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது ஒன்றுதான்.

விஷயம் எப்படி வெளிவந்தது? நண்பரின் மனைவியால். அந்த அம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. செல்போனில் பேசத் தெரியும், அவ்வளவே. ஆனால் சாயங்காலங்களில் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டு, "இவன் யாருடா? எதுக்கு இப்படி ஓடறான்? செத்துட்டானா? ஐயோ பாவம்!" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பையன் அலுத்துக்கொண்டாலும் பதில் சொல்லுவான். ஒரு நாள், "உன்கூட எப்பவும் ஆடுவானே அந்தச் சிநேகிதன், அவனை ஏன் காணோம்?" என்று கேட்டிருக்கிறார். பையன் அழுதுவிட்டான்.

"இவ்வளவு நாளா ஏண்டா சொல்லலை?"

"சொன்னா போனைப் புடுங்கிடுவாங்க ஆயா."

இந்தப் பதிலை நண்பர் சொன்னபோது என்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. அந்தக் குழந்தை இரண்டு பயங்களைத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறான். ஒரு தட்டில் முகம் தெரியாத அயோக்கியன். மறு தட்டில் பெற்ற தகப்பன். தகப்பன் தட்டு தாழ்ந்தது.

போலீசில் புகார் கொடுத்தார்கள். இணையக் குற்றங்களுக்கு 1930 என்றும், ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கு 1098 என்றும் தொலைபேசி எண்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டிலும் நாள்காட்டிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவைக்க வேண்டியவை. ஆனால் அந்த எண்களைக் கூப்பிடுவதற்கு முன்பு, குழந்தை நம்மைக் கூப்பிட வேண்டுமே! அதற்கு என்ன வழி?

இதை யோசிக்கும்போது, பம்மலைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஒரு பெரியவர் நினைவுக்கு வந்தார். இன்று பலருக்கும் அந்தப் பெயர் 2002-இல் வெளிவந்த ஒரு நகைச்சுவைப் படத்தைத்தான் ஞாபகப்படுத்தும். நான் சொல்வது உண்மையான பம்மல் சம்பந்த முதலியாரை.

அவருடைய இளமைக் காலத்தில் நாடகக் கொட்டகை என்பது, கண்ணியமான குடும்பங்கள் பிள்ளைகளை அண்டவிடாத இடம். நடிகனுக்குக் கூத்தாடி என்று பெயர். சம்பந்த முதலியாருக்கே தமிழ் நாடகம் என்றால் இளப்பந்தான். 'நாடக மேடை நினைவுகள்' என்ற நூலில் அதை அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பெல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த சரச வினோதினி சபையாரின் தெலுங்கு நாடகங்களைப் பார்த்த பிறகு அவர் மனம் மாறியது. 1891-இல் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. பிற்காலத்தில் வக்கீலாகி, நீதிபதியுமான அவர் மேடை ஏறி நடித்தார். தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். சத்தியமூர்த்தி போன்றவர்களும் அந்தச் சபையில் வேஷம் கட்டினார்கள். 'மனோகரா'வையும் 'சபாபதி'யையும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் காலம் வந்தது. 1959-இல் பத்மபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தது.

நாடகம் கெட்டது என்று கொட்டகை வாசலில் நின்று தடுத்தவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். அவர்களில் கெட்ட எண்ணம் உடையவர் யாரும் இல்லை. ஆயினும் நாடகம் அவர்களால் திருந்தவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தவர்களால், மேடையேறியவர்களால்தான் அது திருந்தியது.

குழந்தைகளின் செல்போனுக்கும் இதுவே பொருந்தும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. தகப்பனார் வாசலில் நின்று காவல் காத்தார். பாட்டி உள்ளே போய் உட்கார்ந்தார். அவருக்கு அந்த ஆட்டத்தில் பாதி புரியவில்லை. ஆனாலும் ஒரு சிநேகிதன் காணாமல் போனது அவர் கண்ணில்தான் பட்டது.

உடனே ஒரு கேள்வி எழும். கூட உட்கார எல்லாருக்கும் நேரம் ஏது? தோல் பதனிடும் ஆலைக்கும் ஏற்றுமதிக் கம்பெனிக்கும் போய்விட்டு இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் தாய், அடுப்பைப் பார்ப்பாளா, ஆட்டத்தைப் பார்ப்பாளா? நியாயந்தான். ஆனால் நாள் முழுவதும் உட்காரச் சொல்லவில்லை. கால் மணி நேரம் போதும். "இன்றைக்கு என்ன பார்த்தாய்? எனக்கும் காட்டு" என்று கேட்டாலே போதும். கேட்கும்போது குரலில் விசாரணை இருக்கக் கூடாது, ஆசை இருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குழந்தைகளுக்கு நன்றாகத் தெரியும்.

அப்படியானால் போனைச் சோதிக்கவே கூடாதா? சிறு குழந்தையின் போனைச் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் அவனுக்குச் சொல்லிவிட்டு, அவன் கண் எதிரில் சோதிக்க வேண்டும். தெரியச் செய்தால் அது காவல். தெரியாமல் செய்தால் அது ஒற்று. ஒற்றன் இருக்கும் வீட்டில் யாரும் மனம் விட்டுப் பேச மாட்டார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நாடகத்துக்கும் செல்போனுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. நாடகத்துக்கு முடிவு இருந்தது. மங்களம் பாடுவார்கள், திரை விழும், ஜனங்கள் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். செல்போனுக்கு மங்களம் கிடையாது. ஒன்று முடியுமுன் அடுத்ததைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. நாம் எழுந்து போகாமல் இருப்பதில்தான் அதை நடத்துகிறவர்களின் வரும்படி இருக்கிறது. ஆகவே மங்களத்தை வீட்டார்தான் பாட வேண்டும். இரண்டு வயது வரை திரையே வேண்டாம், ஐந்து வயது வரை பெரியவர் துணையோடு ஒரு மணிக்கு மேல் கூடாது, பத்து வயது வரை இரண்டு மணிக்குள் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் அளவு சொல்லியிருக்கிறது. நல்ல அளவு. ஆனால் பிள்ளைக்கு மங்களம் பாடிவிட்டுத் தாம் மட்டும் நள்ளிரவு வரை கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோரின் பாட்டு யார் காதில் ஏறும்?

சட்டமும் வருகிறது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல், பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் முக்கியமான சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. சட்டம் தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். சர்க்கார் கதவைச் சாத்தலாம், பூட்டும் போடலாம். ஆனால் பாட்டியைப் போல் பக்கத்தில் உட்கார்ந்து, "அவனை ஏன் காணோம்?" என்று கேட்கச் சர்க்காரால் முடியாது.

சில வாரங்களுக்கு முன் மறுபடியும் பம்மலுக்குப் போனேன். பையன் கூடத்தில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் தகப்பனார், ஏதோ கேட்டுத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். "அது இல்லப்பா, இந்தப் பக்கம்!" என்று மகன் அதட்ட, அவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். எட்டு மணி அடித்ததும் உள்ளிருந்து பாட்டியின் குரல் வந்தது: "மங்களம் பாடியாச்சா?"

பையன் முணுமுணுத்துக்கொண்டே போனை அலமாரியில் வைத்தான். அவன் அப்பாவும் தம்முடையதை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். என் சட்டைப் பையில் என் போன் கிணுகிணுத்தது. பையன் என்னையே பார்த்தான். எழுந்து போய் அதையும் அங்கேயே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.