தாழ்மை: ஹாப்கின்ஸை முன்வைத்துச் சில குறிப்புகள்

1868 மே மாதம் ஜெரார்டு மான்லி ஹாப்கின்ஸ் தன் கவிதைகளை எரித்தார். அப்போது அவருக்கு வயது 23. ஆங்கிலிக்கன் குடும்பத்தில் பிறந்து 1866இல் கத்தோலிக்கராகி, துறவியாகத் தீர்மானித்திருந்த சமயம். மேலிடத்தில் விரும்பிக் கேட்டாலன்றி இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்துகொண்டார். இதைத் தாழ்மைக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு.

தன் கவிதை எரிக்கும் அளவுக்கு முக்கியமானது என்று நினைப்பவன்தான் எரிப்பான். அப்படி நினைக்காதவன் மேஜை டிராயரில் போட்டு மறந்துவிடுவான். ஹாப்கின்ஸின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. அகந்தையின் சுபாவத்தைச் சொல்கிறேன். தன்னை அழித்துக்கொள்ளும் காரியத்திலும் அது தன்னையே நாயகனாக வைத்துக்கொள்ளும். லூக்கா சுவிசேஷத்தில் பரிசேயனும் ஆயக்காரனும் ஜெபிக்கப் போகிறார்கள். மற்றவர்களைப் போல் தான் இல்லை என்று பரிசேயன் கடவுளுக்கு நன்றி சொல்கிறான். கதையைப் படித்து முடித்ததும், நல்லவேளை நாம் பரிசேயன் இல்லை என்று நமக்குத் தோன்றுகிறது. அந்தக் கணத்தில் அவன் நின்ற இடத்தில்தான் நாமும் நிற்கிறோம்.

நம் சொற்களும் இதில் குழப்பம் செய்கின்றன. 'பெருமை' என்றால் மேன்மையும்தான், செருக்கும்தான். அதனால் செருக்கை விடுவதென்றால் மேன்மையை மறுப்பது என்று எடுத்துக்கொள்கிறோம். 'நான் என்ன பெரிசா எழுதிட்டேன்' என்பது பணிவாகிவிடுகிறது. பெரும்பாலும் அது ஒரு பதிலை எதிர்பார்த்துப் போடுகிற தூண்டில்.

பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் வேறு மாதிரி. கிறிஸ்து தன்னைக் குறைவானவராக நினைத்தார் என்று அங்கே இல்லை. கடவுளுக்குச் சமமாக இருந்தும் அந்த நிலையைப் பிடித்துவைத்துக்கொள்ளவில்லை, தன்னை வெறுமையாக்கிக்கொண்டார் என்பதே சாரம். தன் உயரம் தெரியாதிருப்பது தாழ்மை அல்ல. தெரிந்தும் பிடியைத் தளர்த்துவது தாழ்மை.

இந்த அர்த்தத்தில் ஹாப்கின்ஸின் தாழ்மை 1875க்குப் பின்னரே தொடங்குகிறது. அந்த டிசம்பரில் 'டாய்ச்லாந்து' என்ற ஜெர்மானியக் கப்பல் தேம்ஸ் முகத்துவாரத்துக்கு அப்பால் மணல்திட்டில் மோதியது. கத்தோலிக்க எதிர்ப்புச் சட்டங்களால் ஜெர்மனியை விட்டு வெளியேறிய ஐந்து பிரான்சிஸ்கன் கன்னியர்கள் இறந்தார்கள். இதைப்பற்றி யாராவது கவிதை எழுதினால் நன்றாயிருக்கும் என்று மடத்தின் அதிபர் சொன்னார். ஏறக்குறைய ஏழு வருஷ மௌனம் கலைந்தது. ஆனால் சபையின் பத்திரிகையான 'தி மன்த்' அந்தக் கவிதையைப் பிரசுரிக்கவில்லை. நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸுக்கும் அது பிடிக்கவில்லை. ஹாப்கின்ஸ் தன் தாளத்தின் நியாயத்தைக் கடிதங்களில் வாதாடினார், குறைத்துப் பேசவில்லை. அதே மனிதர், 1879இல் நண்பர் டிக்ஸன் தன் கவிதையொன்றைப் பத்திரிகைக்கு அனுப்ப முன்வந்தபோது, வேண்டாமென்று தடுத்தார்.

இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று முன்பு நினைத்திருந்தேன். நான் வங்கியில் கவுன்ட்டரில் உட்காருகிறவன். மாலையில் ரொக்கம் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் மட்டுமல்ல, கூடினாலும் தப்புத்தான். பணம் என்னுடையதல்ல, எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டியது என் பொறுப்பு. ஹாப்கின்ஸ் தன் கவிதையை அப்படித்தான் எண்ணினார் என்று படுகிறது. அதன் மதிப்பைக் குறைத்துச் சொல்வது பொய்க்கணக்கு. அதைத் தன் பேரில் வரவு வைத்துக்கொள்வது கையாடல்.

இது அவருக்குச் சுலபமாக இருக்கவில்லை. 1884 முதல் டப்ளினில் கிரேக்கப் பேராசிரியர். மலை மலையாக விடைத்தாள்கள், உடல் நலிவு, மனச்சோர்வு. 1889இல் எழுதிய ஒரு சானெட்டில், பாவிகள் செழிக்கையில் தன் முயற்சி மட்டும் ஏன் வீணாகிறது என்று கடவுளோடு வழக்காடுகிறார். தாழ்மை என்பது வாய்மூடி இருப்பது என்று நினைப்பவர்கள் அதைப் படிக்க வேண்டும். அதே ஜூன் மாதம் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். வயது 44. பிரிட்ஜஸ் அவருடைய கவிதைகளைத் தொகுத்து வெளியிட்டது 1918இல். 750 பிரதிகள். விற்றுத் தீரப் பத்து வருஷம் போல ஆயிற்று.

இந்த எண் நமக்கு இனிக்கிறது. அதில்தான் ஆபத்து. பரிசேயன் தன் தசமபாகத்தைச் சொல்லிக்காட்டியது போல, சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் நம் குறைந்த பிரதிகளைச் சொல்லிக்காட்டுகிறோம். யாரும் படிக்காததே தகுதிச் சான்றாகிவிட்டது. இன்று இல்லாவிட்டால் நாளை என்று ஒரு 1918ஐ உள்ளூர வைத்துக்கொண்டுதான் எழுதுகிறோம். ஹாப்கின்ஸிடம் அந்த 1918 இருக்கவில்லை. தன் கவிதைக்கு நியாயமான விமர்சகர் கிறிஸ்து ஒருவரே என்று டிக்ஸனுக்கு எழுதியவர் அவர். எழுதியதை அந்த வாசகரிடம் ஒப்படைத்துவிட்டு விடைத்தாள் திருத்தப் போக அவரால் முடிந்தது.

நான் கிறிஸ்தவன் அல்ல. அப்படியொரு வாசகர் இல்லாமல் இந்தத் தாழ்மை சாத்தியமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சில மாதங்களுக்கு முன் என் கட்டுரை ஒன்று திரும்பி வந்தது. அவர்களுக்குப் புரியாது என்று நண்பரிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்து மறுபடி படித்துப் பார்த்தேன். மூன்றாவது பத்தி எனக்கே புரியவில்லை.