மலைக்குடியும் வீண் வினையும்



கீரனூர்ச் சமவெளியில் நின்று தெற்கே நோக்கினால் பழனி மலைத்தொடர் நீண்டு தோன்றும். அதன் அடிவாரத்தில் உள்ள ஐவர்மலை நமக்குத் திருத்தலம். திருவயிரை என முன்னாளில் வழங்கிய அக்குன்றில், வரகுண பாண்டியன் காலத்தில், கி.பி. 870-இல், சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் திருவுருவையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து 505 காணம் பொன் அளித்த செய்தியைக் கல்வெட்டு உரைக்கிறது.

அதற்கு அப்பால் உயர்ந்து நிற்கும் மலைகளில் பளியர் என்னும் தொல்குடியினர் வாழ்கின்றனர். பலர் இன்று தோட்டக் கூலிகளாகிவிட்டனர். அவர்களைப் பற்றிய சிந்தனை சிராவகர்க்கு எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. அவர்கள் தேன் எடுப்பர். காட்டு வள்ளிக்கிழங்கு அகழ்வர். புலால் நீக்கியவரும் அல்லர். தேனை நம் மூலகுணங்கள் விலக்குகின்றன. கிழங்கோ அனந்தகாயம். ஆகவே அவர்தம் உணவுமுறை நமக்கு ஆகாது. அதனைத் தளர்த்திப் பேசுவதும் என் கருத்தன்று.

ஆயினும், கிழங்கு அகழும் பளியர் கொடியின் தலைப்பை மீண்டும் மண்ணில் பதித்துவிட்டு வரும் வழக்கம் உடையவர். அக்கொடி மறுபடியும் தழைக்க வேண்டும் என்பதே எண்ணம். பசிக்கு வேண்டிய அளவே அகழ்வு. அதற்கு மேல் மண்ணைக் கிளறுவதில்லை.

1962 முதல் 1964 வரை அவர்களிடையே ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியல் அறிஞர் பீட்டர் கார்ட்னர் மற்றொன்றையும் பதிவு செய்துள்ளார். பிறரைத் 'தரக்குறைவாக' நடத்துதல் அவர்களிடையே பெருங்குற்றம். பூசல் மூண்டால் திருப்பித் தாக்காது, ஒருவர் அவ்விடம் விட்டு அகன்றுவிடுவார். ஆகமம் கல்லாத மக்களிடம் இத்துணைப் பொறுமை! பாகப்பிரிவினைக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடும் நம் குடும்பங்கள் நினைவுக்கு வராமல் இல்லை.

இனி நம் நிலைக்கு வருவோம். அருங்கலச்செப்பு விளக்கும் குணவிரதங்களுள் அனர்த்ததண்ட விரதம் ஒன்று. பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரைச் சிந்துதல், தீயை மூட்டுதல், செடிகொடிகளைச் சிதைத்தல் ஆகிய யாவும் அவ்விரதத்துக்குக் குற்றம். கொல்லாமையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். இதனைப் பேசுவோர் அரியர். கிழங்கை விலக்கிய சமையலறையில் குழாய் நீர் வீணே ஓடுகிறது. இரவுணவு துறந்த இல்லத் திருமணத்தில், பாதி உண்ணப்படாத இலைகள் வண்டி வண்டியாக வெளியேறுகின்றன. அந்த இலையும் அரிசியும் காயும் ஓரறிவுயிர்கள் அல்லவோ? பளியர் பசிக்காக அழித்தார். நாம் எதற்காக அழித்தோம்?

வரும் மகாவீர் ஜெயந்தி விருந்துக்கு இலை இடுமுன், எத்தனை பேர் உண்பர் என்று எண்ணிக் கேட்டு உலை வைப்போமாக.