பெரியவர் சொன்னதைச் சரிபார்க்கலாமா?

147573952589676412927. இந்த 21 இலக்க எண்ணை நான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். "பரீட்சைக்கு வருமா?" என்று நண்பர்கள் கிண்டல் பண்ணுவார்கள். வராது. ஆனால் எனக்கு இது ஒரு பாடம்.

2-ஐ 67 தடவை எழுதிப் பெருக்கி, 1-ஐக் கழித்தால் இந்த எண் வரும். இது பகா எண், அதாவது 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாது என்று 1644-இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் எழுதினார். நிரூபணம் எதுவும் தரவில்லை. ஆனாலும் 232 வருஷம் யாராலும் அதை மறுக்க முடியவில்லை.

1876-இல் எடுவார்ட் லூக்காஸ் ஒரு சோதனை முறையால், இது பகா எண் இல்லை என்று காட்டினார். ஆனால் எந்த எண்ணால் வகுபடும் என்று அந்தச் சோதனை சொல்லாது. தப்பு இருக்கிறது என்று தெரியும், எங்கே என்று தெரியாது.

1903-இல் நியூயார்க்கில் நடந்த கணிதக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் அந்தக் காரணிகளை முன்வைத்தார். ஒரு வார்த்தையும் பேசாமல், 193707721-ஐயும் 761838257287-ஐயும் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார் என்று சொல்வார்கள். விடை, அதே 21 இலக்க எண். பெருக்கிப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். அந்த இரண்டையும் தேடத்தான் வருஷக்கணக்கில் உழைப்பு.

இப்போது என் கதை. போன செமஸ்டர் குழு புரொஜெக்டில் சீனியர் அண்ணன் ஒருவர்தான் பீம் கணக்கைப் போட்டார். ராத்திரி நான் சும்மா போட்டுப் பார்த்தேன். கிலோகிராமை நியூட்டனாக மாற்ற மறந்திருந்தார். பாரம் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்காகக் குறைந்து நின்றது. "அண்ணனையே கேள்வி கேட்கிறதா?" என்று லேப்டாப்பை மூடிவிட்டேன். மறுநாள் லெக்சரர் கண்டுபிடித்துவிட்டார். வெளியே வந்ததும் அண்ணன் கேட்டார், "நீயாச்சும் பார்த்தியாடா?"

"பார்க்கலண்ணே" என்றேன்.

எல்லாவற்றையும் நாமே சரிபார்த்துக்கொண்டு வாழ முடியாது, உண்மைதான். தினமும் நான் கடக்கும் பாலத்தின் கணக்கை நானா போட்டுப் பார்க்கிறேன்? நம்பித்தான் ஆக வேண்டும். ஆனால் பார்க்காமல் நம்புவது வேறு, பார்த்த பிறகும் வாயை மூடிக்கொள்வது வேறு. அன்று நான் காட்டியது மரியாதை இல்லை, பயம். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

சரிபார்த்ததால் மெர்சென் சிறியவராகிவிட்டாரா? இல்லையே. இந்த வகை எண்களை இன்றும் மெர்சென் எண்கள் என்றுதான் சொல்கிறோம். 2-ஐ 127 தடவை பெருக்கி 1-ஐக் கழித்தால் வருவதும் பகா எண் என்று அவர் எழுதியிருந்தார். அது சரி என்று நிரூபித்தவரும் அதே லூக்காஸ்தான். பெரியவர் சொன்னதில் எது நிற்கும், எது நிற்காது என்று பிரித்துக் காட்டியது அந்தச் சோதனைதான். மெர்செனை உண்மையில் மதித்தவர்கள், உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அண்ணன் இன்னும் அதே மாமாக் கடைக்குத்தான் தே தாரிக் குடிக்க வருகிறார். இந்த இதழ் அவர் கைக்கும் போகும். அதற்கு முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமையே, நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும்: "பார்த்தேண்ணே."