இயற்கையில் இல்லாதது இயற்கைக்கு விரோதமா?

கண்ணாடிக்குள் சாய்வாக நுழையும் ஒளி செங்குத்துக்கோட்டை நோக்கி வளையும். அதைத் தாண்டி, வந்த பக்கமே திரும்பாது. திரும்பவும் கூடும், மேக்ஸ்வெல் சமன்பாடுகளில் அதற்குத் தடையில்லை என்று சோவியத் இயற்பியலாளர் விக்டர் வெசலாகோ 1967-இல் எழுதினார். அப்படியொரு பொருள் அன்று யார் கையிலும் இல்லை. 2001-இல் சான் டியேகோவில் செப்பு வளையங்களையும் கம்பிகளையும் அடுக்கிச் செய்த பட்டகம் மைக்ரோ அலைகளை அவ்வாறே திருப்பியது. ஆகவே, இதுவரை கண்டதை மட்டும் வைத்து இயற்கைக்கு எல்லை கட்ட முடியாது.

இந்தத் திருப்பம் பொருளின் குணமே அல்ல, அடுக்கிய விதத்தின் ஜாலம் என்று சிலர் மறுப்பார்கள். அதைக் குறிக்கும் எதிர்மறை ஒளிவிலகல் எண் வெறும் சராசரி என்பார்கள். கண்ணாடியின் எண்ணும் கோடானுகோடி அணுக்களின் சராசரிதானே! இங்கே அணுக்களின் இடத்தில், சுமார் 3 சென்டிமீட்டர் அலைநீளத்துக்கு 5 மில்லிமீட்டர் அளவுள்ள வளைய-கம்பி அலகு. சராசரி சற்று முரடுதான், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் செயற்கை என்று ஒதுக்குவோர், அந்தச் செப்பு எந்த விதியை மீறியது என்று காட்ட வேண்டும்.