தர்ப்பையும் தடுப்பூசியும்

2020 ஜூன் 21, சூரிய கிரகணம். ஏற்கெனவே கொரோனாவுக்குப் பயந்து வீட்டுக்குள் கிடந்த கர்ப்பிணிகளை அன்று இன்னும் உள்ளறைக்குத் தள்ளி, ஜன்னலைச் சாத்தி, வயிற்றின்மேல் தர்ப்பை போட்டு வைத்தார்கள். சோறு தண்ணீர் கிடையாது. நிழல் பட்டால் பிள்ளையின் உதடு பிளந்துவிடுமாம். பிறகு அந்தப் பெண்களில் எத்தனையோ பேருக்கு வளைகாப்பு நடந்தது. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு சொந்தபந்தமெல்லாம் வரிசையில் வந்து கன்னத்தில் சந்தனம் பூசிற்று. நிழலுக்குச் சாத்திய கதவைக் கிருமிக்குத் திறந்துவிட்டோம்.

பாமரரைக் கேலி செய்வது நமக்குப் பழகிய வேலை. படித்தவர்கள் என்ன செய்தார்கள்?

2021 ஜனவரி 16 அன்று நாட்டில் தடுப்பூசி தொடங்கியது. முதல் வரிசை மருத்துவப் பணியாளர்களுக்கு; அவர்களிலும் கர்ப்பிணிகளுக்கு இல்லை. பரிசோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை, அதனால் தரவு இல்லை, அதனால் ஊசி இல்லை. ஆக, மாசமாயிருக்கும் நர்ஸ் கொரோனா வார்டில் வேலை பார்க்கலாம், ஊசி மட்டும் போட்டுக்கொள்ளக் கூடாது. வயிற்றுப் பிள்ளைக்கு வார்டு ஆகும், ஊசி ஆகாது! இதில் தர்ப்பையைவிட என்ன அறிவு கூடுதல்?

இரண்டாம் அலை வந்தது. நிறைமாதத்தில் கர்ப்பப்பை மேலே தள்ள, நுரையீரல் விரிய இடம் குறைகிறது. உடம்புக்கோ ஆக்சிஜன் கூடுதலாகத் தேவை. அந்த நேரத்தில் நிமோனியா வந்தால் என்ன ஆகும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2021 ஜூனில் சொன்ன கணக்கு இது: தொற்றுக்கு ஆளான கர்ப்பிணிகளிலும் பிள்ளை பெற்றவர்களிலும் இறந்தவர்கள் முதல் அலையில் 0.7 சதவீதம், இரண்டாம் அலையில் 5.7 சதவீதம். தாயிடமிருந்து சிசுவுக்குக் கிருமி தாவுவது அரிது. சிசுவுக்கு ஆபத்து வேறு வழியில் வந்தது. தாய்க்கு மூச்சுத் திணற, நாள் நிறையாத பிள்ளையை சிசேரியன் செய்து எடுத்து இன்குபேட்டரில் வைக்க வேண்டியதாயிற்று.

ஜூலை 2 அன்றுதான் கர்ப்பிணிகளுக்கு ஊசி போட அனுமதி கிடைத்தது.

எச்சரிக்கை வேண்டாமா, தாலிடோமைடு மறந்துவிட்டதா என்று கேட்பார்கள். மறக்கவில்லை. கருவை என்ன செய்யும் என்று சோதிக்காமலே 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த மருந்து அது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறைந்து பிறந்தன. அமெரிக்காவில் அதைத் தடுத்து நிறுத்தியவர் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி பிரான்சிஸ் கெல்சி. போதிய ஆதாரம் கொண்டுவா என்று விடாமல் கேட்டார், அவ்வளவுதான். சோதிக்காமல் விட்டதால் நேர்ந்த கொடுமையைக் காட்டி, சோதிக்கவே வேண்டாம் என்கிறோம்.

அனுமதி வந்த பிறகும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். நர்ஸ் கேட்பது கர்ப்பிணியிடம். பதில் வருவது மாமியாரிடமிருந்து: “இப்ப வேணாங்க, பிள்ளை பொறக்கட்டும்.” கணவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி ஆமாம் போடுவார். அவள் வாயே திறக்கவில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொரோனா ஊசி கிடையாது, தாய் போட்டுக்கொண்டால் அந்த எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும் என்பதை அவளுக்கு யாராவது சொன்னார்களா?

அடுத்த தொற்று வரும்போது, மருந்தால் பெரிய ஆபத்தில்லை என்று முதற்கட்டத்தில் தெரிந்த உடனே கர்ப்பிணிகளையும் பரிசோதனைக்கு அழைக்க வேண்டும். சேர்வதா வேண்டாமா என்பதை அவர்கள் சொல்லட்டும். உங்கள் வீட்டில் யாராவது முழுகாமல் இருந்தால், நர்ஸ் அவளிடம் கேட்கும் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.